குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு: கோர்ட் பதிவைத் தேடும் வழியும் தண்டனைக் கணக்கும்

கேள்வி இதுதான்: குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகத் தமிழ்நாட்டில் போலீஸ் போட்ட வழக்கு எந்தக் கோர்ட்டில், எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்டனை எவ்வளவு வரும்?

ஹெல்மெட் போடாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் வரும் அபராதச் சீட்டோடு இதையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. எந்தெந்தக் குற்றத்துக்கு அதிகாரியே தொகையை வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 200-ஆவது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. குடிபோதைக் குற்றமான 185 அந்தப் பட்டியலில் இல்லை. ரோட்டில் நிற்கும் எஸ்.ஐ.யிடமோ ஸ்டேஷனிலோ பணம் கட்டி முடிக்கச் சட்டத்தில் வழியில்லை. வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் போயாக வேண்டும். போய்விட்டால் அதற்கு ஒரு எண் உண்டு, அந்த எண்ணைப் பிடிப்பதுதான் முதல் வேலை.

கையில் இருக்கும் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். சோதனை அன்று கொடுத்த சீட்டில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: ஸ்டேஷன் பெயர் (போக்குவரத்துப் பிரிவா, சட்டம் ஒழுங்கா என்பது உட்பட), தேதி, சலான் எண் அல்லது குற்ற எண், எழுதியிருக்கும் பிரிவு. பிரிவு முக்கியம். வண்டியே இல்லாமல் பொது இடத்தில் போதையில் இருந்ததற்குப் போடும் வழக்கு வேறு, 185 வேறு. முன்னதை 185 என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, 185-ஐ வெறும் பெட்டி கேஸ் என்று அலட்சியமாக விடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்துக்குத்தான் பின்னால் அதிகச் சிக்கல்.

சீட்டு தொலைந்திருந்தால் மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் போட்டுப் பாருங்கள். ஓட்டுநர் உரிம எண்ணை வைத்தும் தேடலாம். நண்பரின் வண்டியை ஓட்டும்போது மாட்டியவர்கள் உரிம எண்ணில் தேடுவதே நல்லது. சலான் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டதாகக் காட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். போகிற வழியில் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தையும், அதாவது விர்ச்சுவல் கோர்ட் தளத்தையும், ஒரு முறை பார்த்துவிடுங்கள். அங்கே செல்போன் எண்ணையோ வண்டி எண்ணையோ வைத்துத் தேடலாம்.

அசல் பதிவு இருக்கும் இடம் இ-கோர்ட்ஸ் மாவட்ட நீதிமன்றத் தளம். அதே பெயரில் செல்போன் செயலியும் உண்டு. பணம் கட்ட வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சி.என்.ஆர். எண் தெரிந்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும். அது 16 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு நீதிமன்றத்துக்கான இரண்டு இலக்கம், ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. வழக்கு கோர்ட் விட்டு கோர்ட் மாறினால் வழக்கு எண் மாறும் என்பதால், சி.என்.ஆர். கிடைத்தவுடன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது தெரியாதவர்கள் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்ற வரிசையில் இறங்க வேண்டும். தேட வேண்டியது உங்கள் வீடு இருக்கும் ஊரை அல்ல, வண்டியை நிறுத்திய இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அந்த ஸ்டேஷனுக்குரிய கோர்ட்டை. சென்னையில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் வளாகங்களைப் பாருங்கள். மாவட்டங்களில் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம். சிறிய ஊர்களில் மாவட்ட உரிமையியல் நீதிபதியே நடுவராகவும் இருப்பார், பட்டியலில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும். 2019-இல் பிரிந்த தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் தேடிக் கிடைக்காவிட்டால் பழைய தாய் மாவட்டத்தின் கீழும் ஒரு முறை தேடுங்கள்.

பெயர் வைத்துத் தேடும்போது தவறுவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கும், எஸ்.ஐ. சீட்டில் எழுதியபடிதான் பெயர் ஏறியிருக்கும். 'செந்தில்' என்ற பெயரில் 'எச்' இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'தமிழ்' என்பதில் வரும் ழகரம் 'இசட்-எச்' ஆகவும் இருக்கும், ஒற்றை 'எல்' ஆகவும் இருக்கும். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், வராமலும் போகும். முழுப் பெயரை அடிக்காமல், எப்படி எழுதினாலும் மாறாத மூன்று நான்கு எழுத்துத் துண்டை மட்டும் கொடுங்கள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும். ஆண்டைக் கட்டாயம் போட வேண்டும். அது வழக்கு பதிவான ஆண்டு, பிடிபட்ட ஆண்டு அல்ல. டிசம்பர் இறுதியில் மாட்டியவர் அடுத்த ஆண்டையும் பார்க்க வேண்டும். நிலுவை, முடிந்தது, இரண்டும் என்று மூன்று தெரிவு இருக்கும், 'இரண்டும்' என்பதையே எடுங்கள். நிலுவையில் மட்டும் தேடிவிட்டு வழக்கே இல்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

விபத்து நடந்து எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் இன்னும் சுலபம்: ஸ்டேஷன், குற்ற எண், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் போதும். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். சட்டத்தின் பெயரையும் பிரிவையும் வைத்துத் தேடும் வசதியும் இ-கோர்ட்ஸில் உண்டு. ஒரு கோர்ட்டில் இருக்கும் 185 வழக்குகளை மொத்தமாகப் பார்க்க உதவும். ஆனால் பிரிவை ஆளுக்கொரு மாதிரி பதிந்திருப்பார்கள். 185 என்று அடித்து வராதது உட்பிரிவோடு அடித்தால் வரும்.

தேடலில் ஒரு பெயர் வந்துவிட்டால் உடனே அது அவர்தான் என்று நம்பிவிடாதீர்கள். டிரைவர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயர், ஸ்டேஷன், குற்ற எண், தேதி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வது அநியாயம். நிலுவையில் இருக்கும் வழக்கு என்றால் அது குற்றச்சாட்டு மட்டுமே, தீர்ப்பல்ல.

பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படும் சுருக்கங்களில் சி.சி. என்றால் சாதாரண விசாரணை வழக்கு. எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை வழக்கு, விபத்தில்லாத 185-ஐ முதலில் இந்த வகையில் தேடுங்கள். பி.ஆர்.சி. என்று இருந்தால் விஷயம் பெரிது: செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டிய குற்றம் சேர்ந்திருக்கிறது. அப்போது மாஜிஸ்திரேட் பதிவில் வழக்கு முடிந்ததாகக் காட்டும், ஆனால் அது விடுதலை அல்ல. அதே வழக்கு மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் எஸ்.சி. என்ற புது எண்ணில் உயிரோடு இருக்கும். எம்.சி.ஓ.பி. என்பது பாதிக்கப்பட்டவர்கள் நஷ்ட ஈடு கேட்டுப் போடும் மனு. அது தனி வழக்கு, குற்ற வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்காது.

நிலை என்ற வரியில் சம்மன் கட்டத்தில் இருப்பதாகக் காட்டினால் வழக்கு இன்னும் சூடாகவில்லை. என்.பி.டபிள்யூ. என்று இருந்தால் ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்டு வெளியே இருக்கிறது. வண்டியை எங்காவது மறித்துச் சரிபார்க்கும்போதோ வெளிநாடு கிளம்பும்போதோ தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது. வழக்கறிஞர் மூலம் அதே கோர்ட்டில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கோரி மனுப் போட வேண்டும். 185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான் என்பதால், தானாக வந்து நிற்பவருக்கும் பிடித்துக் கொண்டுவரப்படுபவருக்கும் கோர்ட் காட்டும் முகம் வேறாக இருக்கும்.

"ஒரு வருஷம் ஆச்சு, சம்மனே வரலை, கேஸ் செத்துப்போச்சு" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. ஓராண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றத்தைக் கோர்ட் எடுத்துக்கொள்ள ஓராண்டு வரம்பு உண்டு. இப்போது அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவில் இருக்கிறது. முதல் முறை 185-க்கு ஆறு மாதம் வரை சிறை என்பதால் இந்த ஓராண்டு பொருந்தும். ஆனால் போலீஸ் எந்தத் தேதியில் கோர்ட்டில் தாக்கல் செய்தது என்பதே கணக்கு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் சாரா மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. தாக்கல் செய்த தேதி ஓராண்டுக்குள் இருந்தால், சம்மன் மூன்றாம் ஆண்டில் வந்தாலும் வழக்கு செல்லும். இரண்டாம் முறைக் குற்றத்துக்கு வரம்பு மூன்று ஆண்டு.

தளத்தில் பார்ப்பது தகவலுக்கு மட்டும். ஆர்.டி.ஓ., பாஸ்போர்ட் அலுவலகம், வேலை கொடுப்பவர் என யாரிடம் காட்டுவதாக இருந்தாலும் சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கு எண்ணோடு அந்தக் கோர்ட்டின் நகல் பிரிவில் மனுக் கொடுத்து, கேட்கும்போது கட்டணத்தைக் கட்டினால் தருவார்கள். வழக்கில் தொடர்பில்லாதவர் கேட்டால் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லி, கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். இதற்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனுப் போட்டுப் பயனில்லை. கோர்ட் ஆவணங்களின் நகலைக் கோர்ட்டின் சொந்த விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று 2020-இல் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கணினி பழக்கமில்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகங்களில் இ-சேவா மையம் இருக்கிறது.

இனி தண்டனை. 185-இன்படி குற்றம் என்பது 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால். கார், பைக், லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் இதே அளவுதான். போதைப்பொருளுக்கு அளவு இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை என்று நிரூபிக்க வேண்டும். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவதும் அதற்குப் பிறகும் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இது 2019 செப்டம்பர் 1 முதல் உள்ள கணக்கு. அதற்கு முன்பு முதல் முறைக்கு 2,000 ரூபாய் 'வரை', இரண்டாம் முறைக்கு 3,000 ரூபாய் 'வரை' என்று இருந்தது. அந்த 'வரை' போய்விட்டது. இப்போது பிரிவு சொல்வது நேரடித் தொகை. முன்பு, மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாம் முறை என்று கணக்கிட்டார்கள். அந்த வரம்பும் எடுக்கப்பட்டுவிட்டதால் பத்தாண்டு கழித்து மாட்டினாலும் இரண்டாம் முறைதான். 2018-இல் பிடிபட்டு இன்னும் நிலுவையில் கிடக்கும் வழக்கென்றால், குற்றம் நடந்த நாளில் இருந்த பழைய தண்டனைதான் பொருந்தும். அதை எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் இருந்தால் போதும்.

பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கும் வழக்கு வரலாம். 185-க்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபர் முதல் இதைக் கையில் எடுத்ததும் நிறையப் பேர் அதிர்ந்தார்கள், பிரிவு என்னவோ முதலிலிருந்தே சட்டத்தில் இருந்ததுதான்.

பத்தாயிரம் ரூபாயைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நிஜமாக வலிப்பது உரிமம். அது இரண்டு தனித்தனிப் பாதையில் போகும், ஒன்று முடிந்தால் மற்றது முடிந்ததாகாது. முதல் பாதை ஆர்.டி.ஓ.: 206(4)-இன்படி போலீஸ் உரிமத்தைக் கைப்பற்றி அனுப்புகிறது, 19(1ஏ)-இன்படி ஆர்.டி.ஓ. உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம், இரண்டாம் முறைக்கு உரிமத்தையே ரத்து செய்யலாம். கோர்ட் தீர்ப்புக்கு முன்பே இது நடக்கும். விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸ் உரிமத்தில் இருக்கும் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். ஓட்டுநர் உரிமங்களுக்கான சாரதி தளத்தில் உரிமத்தின் நிலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். உரிமத்தைத் திரும்பப் பெறுவதற்குப் புத்தாக்கப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது பாதை கோர்ட். 185-இல் தண்டனை கொடுக்கும் நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்கிறது 20(2). அபராதத்தைக் கட்டிய ரசீதோடு திரும்பிவிடாமல், தீர்ப்பில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உரிமத்தை வாங்கிக்கொண்டு போலீஸ் தரும் ஒப்புகைச் சீட்டு வண்டி ஓட்ட அனுமதி அல்ல. தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினால் 182-இன்கீழ் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும், இது தனி வழக்கு.

விபத்து சேர்ந்தால் கணக்கு முழுக்க மாறும். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா: அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125, மரணத்துக்கு 106(1), இதில் ஐந்து ஆண்டு வரை சிறை. போதையும் வேகமும் சேர்ந்து, ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டியதாகப் போலீஸ் கருதினால் 105 வரும், பத்தாண்டு வரை போகலாம். மும்பையில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கிலும், டெல்லியின் சஞ்சீவ் நந்தா வழக்கிலும் 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கொடிய பிரிவின் பழைய வடிவத்தில்தான் குற்றத்தை உறுதி செய்தது.

ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்பது சாட்சியத்தைப் பொறுத்தது. வாசனை வந்தது என்று எழுதினால் மட்டும் 185 நிற்காது, 30-ஐத் தாண்டிய எண் வேண்டும். அரசு மருத்துவர் தரும் சான்றில் 'மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இல்லை' என்ற வாசகம் அடிக்கடி வரும். இரத்த முடிவோ ஊதும் கருவியின் அச்சுச் சீட்டோ இல்லாமல் இது மட்டும் கோப்பில் இருந்தால் எதிர்க்க இடம் இருக்கிறது. கருவிச் சீட்டில் நேரம், கருவி எண், அளவீடு மூன்றும் இருக்க வேண்டும். கருவியை எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்று கேட்கலாம். குடித்த உடனேயோ, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கொப்பளித்த உடனேயோ ஊதினால் வாயில் தங்கியதும் சேர்ந்து எண் ஏறும். அதனால்தான் 15 நிமிடம் விட்டு மறுபடி ஊதக் கேட்பதில் நியாயம் உண்டு. இரத்தம் எடுக்கும்போது ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, குப்பியில் சோடியம் புளோரைடு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதிரி கெட்டு, ஆல்கஹால் கூடியோ குறைந்தோ காட்டும்.

ஊத மாட்டேன் என்று அடம்பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. 203-இன்படி அதற்கே கைது செய்யலாம், 205-இன்படி மறுத்ததையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 202(1) சொல்கிறது. தவறினால் காவலிலிருந்து விட வேண்டும், அவ்வளவுதான். வழக்கு விழுந்துவிட்டதாக அர்த்தமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு தண்டனை அதிகம், சட்டப்படி இல்லை என்ற அளவில்தான் மேல்முறையீடு செய்யலாம். அதனால் கோப்பின் நகலைப் படிக்காமல் கூண்டில் தலையாட்ட வேண்டாம். விசாரணை நடந்து தண்டனை வந்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊதிய எண்ணோ இரத்தப் பரிசோதனையோ இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்து நிறுவனம் போதையை நிரூபிக்கலாம் என்று 2021-இல் இஃப்கோ டோக்கியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்ட மூன்றாம் நபருக்கான நஷ்ட ஈட்டிலும், 2019 திருத்தத்துக்குப் பிறகு 150-ஆவது பிரிவு குடிபோதையை நிறுவனத்தின் எதிர்வாதமாக ஏற்கிறது. நிறுவனம் முதலில் கொடுத்தாலும் பின்னால் வண்டிக்காரரிடம் வசூலிக்க வரும்.

பாஸ்போர்ட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அபராதம் கட்டி முடித்த 185 வழக்கு பெரும்பாலும் பாஸ்போர்ட்டைத் தடுக்காது. தடுக்கும் பிரிவுக்கு ஒழுக்கக்கேடான குற்றமும் குறைந்தது இரண்டாண்டுத் தண்டனையும் வேண்டும். ஆனால் கட்டாமல் கிடக்கும் அதே வழக்கு, நிலுவையில் உள்ள குற்ற வழக்கு என்ற பெயரில் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவைத் தூண்டும். அப்போது கோர்ட்டில் அனுமதி வாங்கித்தான் பாஸ்போர்ட் பெற முடியும். அரசு வேலைக்கும் இதே புத்தி: வழக்கைவிட அதை மறைத்தது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அற்பமான வழக்கை மறைத்திருந்தால் அதை நிறுவனம் மன்னிக்கலாம் என்று இடம் விட்டது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டியது விண்ணப்பதாரரின் கடமை என்றது. படிவத்தில் 'எப்போதாவது வழக்கு இருந்ததா' என்று கேட்டிருந்தால் முடிந்த வழக்கையும் எழுத வேண்டும், 'நிலுவையில் உள்ளதா' என்று மட்டும் கேட்டிருந்தால் அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எப்படிக் கேட்டிருந்தாலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் அபராத ரசீதும் கையில் இருக்கட்டும். வழக்கு முடிந்த மாதமே இரண்டையும் வாங்கிவிட்டால், பழைய கட்டுகள் பதிவறைக்குப் போன பிறகு அலைய வேண்டியிருக்காது.